பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி? நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு

'கட்டுரை எழுது' என்றால் நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான். வகுப்பில் எத்தனை நோட்டு இருந்தாலும் ஒரே பசு, ஒரே பால். பிள்ளை சொந்தமாக எழுத வேண்டுமா? ஒரே பீரியடில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, தினம் ஒரு படி போங்கள்.

படி 1: பேச விடுங்கள்

தலைப்பு சின்னதாக இருக்கட்டும். 'மழைக்காலம்' வேண்டாம், 'நான் மழையில் நனைந்த நாள்' போதும். முதலில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் வாயால் சொல்லட்டும், வீட்டில் பேசுகிற தமிழிலேயே. சொல்லி முடித்ததும் நினைவுக்கு வந்த சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்: குடை, சேறு, தவளை, அம்மா.

படி 2: ரஃப் நோட்டில் எழுதட்டும்

ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பின்னால் சேர்க்க இடம் வேண்டும். ரப்பர் பைக்குள் போகட்டும். பிடிக்காததை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். "மிஸ், தவளைக்கு எந்த ள?" என்று கேட்பார்கள். "தெரிந்த மாதிரி எழுது, அடியில் கோடு போட்டு வை, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: கேள்வி கேளுங்கள்

மொத்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்த முறையைத் தொடக்கப் பள்ளிகளில் பரப்பிய அமெரிக்கர் டொனால்ட் கிரேவ்ஸும், ஆசிரியர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதைத்தான் பெரிதாகச் சொன்னார். சிவப்புப் பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மலை பெய்தது. நான் நனைந்தேன். அம்மா திட்டினாங்க."

'மலை'யைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். "அம்மா என்ன சொல்லித் திட்டினாங்க?" என்று கேளுங்கள். "புது யூனிபார்ம இப்படி சேறாக்கிட்டு வந்திருக்கியேன்னு." சரி, அதையே எழுது. "அப்புறம்?" "தலை துவட்டி விட்டாங்க." அதையும் எழுது. மூன்று வரி ஐந்தாகிவிட்டது, ஒரு வரிகூட நாம் சொல்லித்தரவில்லை.

எல்லாரிடமும் ஒரே நாளில் உட்கார முடியாது. நாளுக்கு ஐந்தாறு பேர், மற்றவர்கள் ஜோடியாக ஒருவரை ஒருவர் கேட்கட்டும்.

படி 4: பிழை திருத்துங்கள்

இப்போது 'மலை'க்கு வரலாம். ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை: இந்த வாரம் ல, ள, ழ, அடுத்த வாரம் ர, ற. ஒற்று மிகுமா மிகாதா என்பதெல்லாம் இந்த வயதில் வேண்டாம். 'திட்டினாங்க' என்பது 'திட்டினார்' ஆகட்டும். ஆனால் அம்மா பேசிய பேச்சை மேற்கோள் குறிக்குள் அப்படியே விட்டுவிடுங்கள். அதை இலக்கணத் தமிழாக்கினால் அம்மா காணாமல் போய்விடுவார்.

படி 5: நாலு பேர் படிக்கட்டும்

நல்ல தாளில் எழுதி, வகுப்பில் வாசித்து, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். தமிழக அரசுப் பள்ளி என்றால், நான்கு, ஐந்தாம் வகுப்புக்காகப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் 'ஊஞ்சல்' இதழுக்கும் அனுப்பிப் பார்க்கலாம். ரஃப் நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட உதவும்.