சுவரில் சாய்த்தால் அடையாளம் தெரியாத க்யூ

ஸ்னீக்கி பீட் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஜாயிண்டைப் பாருங்கள். அமெரிக்க பார்களில் சுவரோரம் ஸ்டாண்டில் நிற்கும் பூல் க்யூக்கள், அதாவது பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல்கள், ஒரே துண்டு, நடுவில் பிரியாது. ஸ்னீக்கி பீட் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் திருகிக் கழற்றலாம்; சொந்த க்யூவோடு வந்த ஆட்டக்காரர் என்று எதிராளிக்குத் தெரியாமலிருக்கத்தான் இந்த வேஷம். அந்தக் கழற்றும் இடம், அதாவது ஜாயிண்ட், கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வேறு எதை மறைத்தும் பிரயோஜனமில்லை.

விலை உயர்ந்த க்யூக்களில் ஜாயிண்டைச் சுற்றி ஸ்டீல் காலரோ, ஃபீனாலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு வளையமோ இருக்கும். இதில் எதுவும் கூடாது. மரத்தோடு மரம் நேராக முட்ட வேண்டும். பட், அதாவது கைப்பிடி உள்ள பாதியிலிருந்து, 'பின்' என்ற திருகு நீட்டிக்கொண்டிருக்கும். பல க்யூக்களில் அது 3/8-10, அதாவது 3/8 அங்குலப் பருமன், அங்குலத்துக்கு 10 மரை. எந்த பின் என்பதற்காகக் கடைக்காரரிடம் ரொம்ப மல்லுக்கட்ட வேண்டாம். மாட்டிய பிறகு கட்டைவிரல் நகத்தை ஜாயிண்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டக்கூடாது. ஒரு இடத்தில் இழுத்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்து மறுபக்கம் படி ஏறும் க்யூக்கள் நிறைய. அப்புறம் விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். முகப்புகள் சரியாகப் பொருந்தாத க்யூவில் வெளிச்சம் கசியும். அந்த இடுக்கில் சாக் தூளும் கை எண்ணெயும் ஏறினால் கோடு கறுத்து, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கே தெரியும்.

நான் இருப்பது ஹூஸ்டன். இங்கே காற்றில் ஈரம் அதிகம், க்யூ செய்யும் மேப்பிள் மரம் கொஞ்சம் உப்பும். ஷாஃப்டும் (பந்தை அடிக்கும் முன்பாதி) பட்டும் வேறு வேறு மரத்துண்டு என்பதால் இரண்டும் ஒரே அளவில் உப்புவதில்லை. காலர் வைத்த க்யூவில் இது தெரியாது, இதில் விரலுக்கு உடனே தெரியும். அதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வறண்ட நாட்களில் மரம் சுருங்கும்போது தேய்த்த பக்கம் பள்ளமாகிவிடும். க்யூவைக் காரில் போட்டு வைக்காமல் ஏசி அறையில் வையுங்கள், அது போதும்.

நல்ல க்யூ செய்பவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். முழுவதும் முறுக்கியபின் ஷாஃப்டின் மர ரேகை பட்டின் ரேகையோடு ஓரளவு சேர்ந்து ஓடும்படி மரையை அமைப்பார்கள். அந்த ஷாஃப்டும் அந்த பட்டும் ஜோடி; ஷாஃப்டை மாற்றினால் இந்த அழகு போய்விடும். நிறத்தையும் பாருங்கள். பால் வெள்ளை ஷாஃப்டும் வருடக்கணக்கில் மஞ்சளேறிய பட்டின் முன்பகுதியும் சேர்ந்தால் ஜாயிண்ட் எங்கே என்று அதுவே சொல்லிக் கொடுத்துவிடும்.

அடுத்தது முனைகள். சாதாரண ஹவுஸ் க்யூவில், அதாவது பாரில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் க்யூவில், கைப்பிடியின் கருமரம் நாலு கூர் முனைகளாக மேப்பிளுக்குள் ஏறியிருக்கும். இதுதான் ஃபுல் ஸ்ப்ளைஸ். ஒரே கட்டையாக ஒட்டிய இந்த வேலை உறுதியானது. பந்தைத் தொட்ட அதிர்வு கைக்கு நன்றாக வரும். ஜார்ஜ் பலபுஷ்கா போன்ற பேர்பெற்ற க்யூ செய்பவர்களே பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் ஹவுஸ் க்யூ கட்டைகளை எடுத்து இரண்டு துண்டு க்யூக்களாக மாற்றியிருக்கிறார்கள். அதனால் நாலு முனைக்கு மேல் ஆசைப்படாதீர்கள். முத்துச் சிப்பி, வெள்ளிப் பொட்டு என்று பதித்தால் அது கல்யாண வீட்டு நகை மாதிரி மின்னும், பார் க்யூ ஆகாது. நூல் சுற்றிய கைப்பிடியும் வேண்டாம். வெறும் மரம், மேலே பளபள வார்னிஷ், அடியில் சின்ன ரப்பர் பம்பர். பட்டில் எடையை அவுன்ஸில் குறிக்கும் 19 அல்லது 20 என்ற எண் இருந்தால் இன்னும் நல்லது. செய்தவர் கையெழுத்துப் போட்டே தீருவேன் என்றால் ஜாயிண்டில் திருகு நீட்டிக்கொண்டிருக்கும் முகப்பில் போடச் சொல்லுங்கள். மாட்டியபின் யாருக்கும் தெரியாது.

ஷாஃப்டின் நுனியில் பந்தைத் தொடும் தோல், அதாவது டிப், 13 மில்லிமீட்டர் போதும். அடுக்கடுக்காக ஒட்டிய ஜப்பானிய டிப்புகள் அருமையானவைதான், ஆனால் ஓரத்தில் அடுக்கு தெரியும். லெ ப்ரோ, டிரையாங்கிள் இரண்டும் ஒற்றைத் தோல். விலையும் குறைவு, ஆட்டமும் பழுதில்லை. 2016-இல் பிரிடேட்டர் கம்பெனியின் ரெவோ ஷாஃப்ட் வந்ததிலிருந்து கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் எல்லோர் கையிலும் இருக்கிறது. அந்தக் கறுப்புக் குழாயைச் செருகினால் இவ்வளவு பாடும் வீண்.

உங்களிடம் இருக்கும் ஹவுஸ் க்யூவையே மாற்றலாமா என்றால், மாற்றலாம். காசு கொடுத்து வாங்கிய க்யூவாக இருக்கட்டும், பாரிலிருந்து தூக்கி வந்ததாக இருக்க வேண்டாம். மேசையில் உருட்டி நேராக இருக்கிறதா, முனைகள் நாலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முடிகின்றனவா என்று பார்த்துவிட்டு, லேத் வைத்திருக்கும் க்யூ பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டு ரம்பத்தால் நடுவில் அறுத்துவிட்டு அப்புறம் அவரிடம் போனால் அவர் சிரிப்பார். பழைய மேல் பாதியையே ஷாஃப்டாக வைத்தால் ரேகை தொடரும், மறைவுக்கு அது நல்லது. ஆனால் ஹவுஸ் க்யூவின் மேப்பிள் சுமாராகத்தான் இருக்கும். ஆட்டத்துக்குப் புது ஷாஃப்ட் நல்லது. நான் புது ஷாஃப்ட் பக்கம்.

இனி, இதை வைத்து யாரை ஏமாற்ற முடியும்? வாராவாரம் லீக் ஆடுகிறவன் நகம்கூட வைத்துப் பார்க்க மாட்டான், தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். நீங்கள் கேஸைத் திறந்து மாட்டினால் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும். பிலிப்பைன்ஸின் பூல் ஜாம்பவான் எஃப்ரன் ரேயஸ் 1985-இல் இதே ஹூஸ்டனில் ரெட்ஸ் என்ற பூல் ஹாலில் சீசர் மொராலிஸ் என்று பேர் சொல்லி ஆடி ஜெயித்தார். அவருக்குப் பேரை மறைத்தால் போதுமாக இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த க்யூவின் லாபம் வேறு: புது ஆள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதில்லை, விலை என்ன என்று யாரும் கேட்பதில்லை, கையில் நல்ல ஃபுல் ஸ்ப்ளைஸ் இருக்கிறது.

ஒரே ஒரு ஆபத்து. பாரில் இருப்பவர்களுக்கும் அது பார் க்யூதான். சுவரில் சாய்த்துவிட்டு பாத்ரூம் போனால், திரும்பி வரும்போது வேறு யாரோ அதில் பிரேக் அடித்துக்கொண்டிருப்பார். ஷாஃப்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.