ஒரே எண், பொருந்தாத சாமான்: முதல் டெஸ்க்டொப்பைப் பொருத்துமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் இருந்துகொண்டு சொந்தமாக டெஸ்க்டொப் பொருத்துகிறவர்களில் பலர் மதர்போட், விஜிஏ கார்ட் (கிராஃபிக்ஸ் கார்ட்) போன்றவற்றைக் கொழும்பில், பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கடைகளில்தான் ஓடர் செய்கிறார்கள். பிழையான சாமான் வந்து சேர்ந்தால் அது ஏறத்தாழ 260 கிலோமீற்றர் திரும்பிப் போக வேண்டும். சீல் உடைத்ததைக் கடை திருப்பி எடுக்குமா என்பது வேறு கேள்வி. ஆகவே பொருத்தம் பார்க்கும் வேலை காசு கட்டுமுன்னரே முடிந்துவிட வேண்டும்.

பொருந்தாத சாமான் என்றால் உள்ளே போகாது என்றுதான் முதல்முறை வாங்குகிறவர் நினைக்கிறார். உள்ளே போகாததால் பெரிய நட்டமில்லை, கையில் பிடித்ததுமே தெரிந்துவிடும். ஒழுங்காக உட்கார்ந்துகொண்டு வேலை செய்யாமல் இருப்பதுதான் ஆளை அலைக்கழிக்கும்.

சொக்கெட் எண்ணை மட்டும் நம்புவது

சொக்கெட் என்பது மதர்போட்டில் சிப் (சிபியு) உட்காரும் இடம். பாவித்த சாமான் சந்தையில் அதிகம் பேரை விழுத்துவது எல்ஜிஏ 1151 என்ற சொக்கெட். இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைச் சிப்புகளுக்கும் 8, 9ஆம் தலைமுறைச் சிப்புகளுக்கும் சொக்கெட் எண் ஒன்றுதான். ஆனால் எச்110, பி250 போட்களில் 8ஆம் தலைமுறை ஐ5-8400 ஓடாது. எச்310, பி360 போன்ற 300 வரிசைப் போட்தான் வேண்டும். எல்ஜிஏ 1200 என்றால் 10, 11ஆம் தலைமுறை, எல்ஜிஏ 1700 என்றால் 12 முதல் 14 வரை. ஏஎம்டியில் ரைசன் 1000 முதல் 5000 வரை ஏஎம்4, டெஸ்க்டொப் 7000 முதல் ஏஎம்5.

6, 7ஆம் தலைமுறையை மலிவு என்று வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது.

சொக்கெட் சரியாக இருந்தும் பயோஸ் (போட்டுக்குள் இருந்து கணினியைத் தொடக்கும் மென்பொருள்) பழசு என்றால் திரை கறுப்பாகவே நிற்கும். பி450 போட் 2018இல் வந்தது, ரைசன் 5 5600 வந்தது 2022இல். இறாக்கையில் நெடுநாள் கிடந்த போட்டுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. எச்610, பி660 போட்களில் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகளுக்கும் இதே சிக்கல் வரலாம். போட் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் போட்டின் முழுப் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல், ரிவிஷன் எண்ணோடு தேடுங்கள். அங்குள்ள சிபியு ஆதரவுப் பட்டியலில் உங்கள் சிப் எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று இருக்கும். சில போட்களில் சிப் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயோஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உண்டு. அது இல்லாத போட் என்றால் பொதி கட்டுமுன் கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயோஸ் ஏற்றுவதற்காக மட்டும் ஒரு பழைய சிப்பை இரவல் தேடித் திரிய வேண்டி வரும்.

"விஜிஏ பிறகு வாங்கலாம்"

பிறகு வாங்கலாம்தான், சிப்புக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால். ஐ5-12400எஃப் என்பதில் உள்ள அந்த எஃப், கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5 5600இலும் இல்லை, 5600ஜியில் உண்டு. எஃப் சிப்பைப் பூட்டிவிட்டு மதர்போட்டின் எச்டிஎம்ஐயில் மொனிட்டரைச் சொருகினால் எத்தனை நாள் பார்த்தாலும் படம் வராது.

நம் ஊர்ப் பேச்சும் இதில் கொஞ்சம் குழப்பும். கடையில் விஜிஏ என்றால் கிராஃபிக்ஸ் கார்ட், பழைய மொனிட்டரின் பின்னால் விஜிஏ என்றால் நீல நிறச் சொருகி. இன்றைய கார்ட்களில் பொதுவாக அந்தச் சொருகியே கிடையாது. வீட்டு மொனிட்டரில் அது மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் அடப்டரையும் கணக்கில் சேருங்கள். வெறும் வயர் போதாது, உள்ளே சிப் உள்ள அடப்டராக இருக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்ட்டில் தரவு போகும் பாதைகள் நான்குதான். பிசிஐஇ (கார்ட் சொருகும் துளையின் வகை) 4.0 போட்டில் அது சமாளிக்கும். பி450 போட்டிலோ 5600ஜி சிப்போடோ 3.0 வேகந்தான் கிடைக்கும், சில கேம்களில் வேகம் நன்றாகவே விழும்.

பவர் சப்ளை

கேசிங்கோடு சும்மா வரும் பவர் சப்ளையில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 18 அம்பியர் என்று இருந்தால் 12ஐ 18ஆல் பெருக்க 216 வாட். சிபியுவும் விஜிஏயும் உண்பது இந்த வரியிலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் 115 வாட் எடுக்கும், அதற்கு 550 வாட் பவர் சப்ளை என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. விலை குறைக்க வேண்டும் என்றால் வேறு எதிலாவது குறையுங்கள், இதில் வேண்டாம்.

சிபியுவுக்குப் போகும் 4+4 வயரும் விஜிஏக்குப் போகும் 6+2 வயரும் எட்டு ஊசிதான். ஆனால் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. அழுத்தித் திணித்தால் ஷோர்ட்.

வயர்களைத் தனியாகக் கழற்றிப் பூட்டக்கூடிய மொடியூலர் பவர் சப்ளையில் இதைவிடக் கொடிய பொறி ஒன்று உண்டு. ஒரு பிராண்டின் வயர் இன்னொரு பிராண்டில் அழகாகப் போய் உட்காரும், ஆனால் பவர் சப்ளைப் பக்கத்து ஊசி வரிசைக்குப் பொது விதி எதுவும் இல்லை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும், உள்ளே இருந்த படங்களும் போகும். பாவித்த மொடியூலர் சப்ளையை அதன் சொந்த வயர்கள் இல்லாமல் வாங்காதீர்கள்.

கரண்ட் கட்டுக்கு யூபிஎஸ் வைப்பவர்களுக்கு ஒரு சொல்: 650 விஏ என்றால் 650 வாட் அல்ல, பொதுவாக 400 வாட்டுக்கும் குறைவு. கேம் ஓடும் நேரத்தில் மின்சாரம் போனால் அது தாங்காமல் சேர்ந்தே அணைந்துவிடலாம்.

ரேம், கூலர், கேசிங்

டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் ஊசி 288தான், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். எல்ஜிஏ 1700 போட்கள் இரண்டு வகையிலும் வருவதால் பெயரைக் கவனித்துப் படியுங்கள். ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும். இரண்டு ரேம் என்றால், நான்கு துளை உள்ள போட்டில் பொதுவாகச் சிபியுவிலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் போட வேண்டும்.

எம்.2 துளை இருக்கிறது என்பதற்காக எல்லா எம்.2 எஸ்எஸ்டியும் ஓடிவிடாது. எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சில துளைகள் என்விஎம்இ மட்டுமே ஏற்கும், சிலவற்றில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா சொருகிகள் அணைந்துவிடும். போட்டின் கையேட்டில் ஒரு வரியில் எழுதியிருப்பார்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் அறையே கொதிக்கும் ஊர் இது, நல்ல சிபியு கூலர் வாங்குவது நியாயம். ஆனால் எல்ஜிஏ 1200க்கான கூலரின் துளை இடைவெளி 75 மில்லிமீற்றர், எல்ஜிஏ 1700க்கு 78. அதற்கான பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். டவர் கூலர்கள் பல 155 மில்லிமீற்றருக்கு மேல் உயரம், கேசிங் எவ்வளவு உயரம் வரை விடும், விஜிஏ நீளம் எவ்வளவு விடும் என்பதையும் பாருங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போட்டைப் பெரிய கேசிங்கில் பூட்டும்போது போட்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கும் பித்தளைக் கட்டையைக் கழற்றிவிடுங்கள், அடியில் முட்டி ஷோர்ட் ஆக்கும்.

சில பவர் சப்ளைகளோடு உருண்டை இருமுனை பிளக் வயர் வரும். 13 அம்பியர் சொக்கெட்டின் எர்த் துளையில் பேனா மூடியைக் குத்தி அதைச் செருகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எர்த் சேராது. கேசிங்கைத் தொட்டால் விர்ரென்று இழுப்பது பெரும்பாலும் அதனால்தான், பவர் சப்ளை பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மும்முனை 13 அம்பியர் வயர் தனியாகவே கிடைக்கும்.

ஓடர் உறுதி செய்யும்போது போட், சிப், ரேம் மூன்றையும் கடையில் பூட்டி, பயோஸ் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் பயோஸ் பதிப்பும் சிப்பின் பெயரும் ரேம் அளவும் ஒன்றாகத் தெரியும்.