பழைய மினி டிராக்டருக்கு எல்இடி லைட்டா? முதலில் பின்பக்கம் மாட்டுங்கள்

தோப்பு ஓட்டுகிற டிராக்டருக்கு லைட் போடலாமா என்று பேச்செடுத்தாலே எல்லோரும் முன்னாடி எந்த லைட் பார் மாட்டலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சித்திரை வெயிலில் பகலில் ஓட்ட முடியாது என்று ஆறு மணிக்கு மேல் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரைப் போடுவது எங்கள் பக்கம் வழக்கம். 25 அடிக்கு ஒரு மரம் வைத்த தென்னந்தோப்பில் முன்னால் மரம் நிற்பது மங்கின பழைய பல்பிலேயே தெரியும். தெரியாதது எல்லாம் பின்னால்தான்: கத்தி எவ்வளவு ஆழம் போகிறது, சொட்டுநீர் டியூப் எவ்வளவு பக்கத்தில் கிடக்கிறது, மட்டை ஏதாவது சிக்கிச் சுற்றுகிறதா என்பதெல்லாம். ஒரே ராத்திரியில் நாற்பது அடி டியூபைச் சுருட்டி எடுத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

சக்தி எம்டி 180டி, யுவராஜ் 215 மாதிரி 15 முதல் 20 குதிரைத்திறன் வண்டிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 12 வோல்ட் பேட்டரி, நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்போடு சேர்ந்திருப்பது) உள்ள வண்டி எதுவானாலும் வேலை இதேதான். லைட் வாங்கப் போகும் முன்னால் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சுமாராக 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் 12.5-லேயே நிற்கிறது என்றால் லைட்டை மறந்துவிட்டு ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

கணக்கு சின்னதுதான். 55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 18 வாட் எல்இடி மூன்று போட்டாலும் நாலரை ஆம்பியர்தான். பழைய வண்டியின் ஆல்டர்னேட்டருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இருக்கிற ஹெட்லைட்டில் ஹாலஜனைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்இடி பல்பைச் சொருகுகிற வேலை வேண்டாம். அந்த ரிஃப்ளெக்டர், உள்ளே இழை எரியும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. எல்இடி சிப் உட்காரும் இடம் கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி, எதிரே வருபவன் கண்ணில்தான் போய் அடிக்கும். ஹெட்லைட்டை அப்படியே விட்டுவிட்டு, வேலை லைட்டைத் தனியாக மாட்டுவதே நல்லது.

வாங்கும்போது அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். கடையிலேயே பேட்டரியில் கொடுத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து, அதை வோல்ட்டால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும், 72 வாட் என்று எழுதின லைட் 20 வாட்டில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். 10 முதல் 30 வோல்ட் தாங்கும், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத ஐபி67 என்று இருக்க வேண்டும். வெளிச்சம் அகலமாக விரிகிற ஃப்ளட் வகை எடுங்கள், தூரமாகப் பாய்கிற ஸ்பாட் வகை தோப்புக்குள் எதற்கும் ஆகாது. நீலம் கலந்த வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்தது எனக்குப் பிடிக்கும், புழுதி கிளம்பும்போது கண் அவ்வளவாகக் கூசாது.

இரண்டு லைட்டைப் பின் மட்கார்டின் மேல் ஆளுக்கொரு பக்கமாக, ரோட்டவேட்டரைப் பார்த்துக் குனிந்த மாதிரி வையுங்கள். மூன்றாவது முன்னால் பம்பரில், தாழ்வாக. கூரையில் மாட்டினால் அழகாகத்தான் இருக்கும், தொங்குகிற மட்டை ஒரே வாரத்தில் பிடுங்கிப் போட்டுவிடும், போதாததற்கு பானெட்டில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் வேறு கண்ணைக் குத்தும். எல் ஆங்கிளில் துளை போட்டு, நடுவே பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு வைத்து முறுக்கினால் அதிர்வு பாதி குறையும்.

சரி, ஒயரிங். முதல் தடவை நான் பண்ணின தப்பு, கூடுதலாக இரண்டு ஹாலஜனைப் போட்டு கரண்டைப் பழைய ஹெட்லைட் சுவிட்சிலிருந்தே இழுத்தது. மூன்றாம் நாள் டேஷ்போர்டில் பிளாஸ்டிக் உருகுகிற வாசம். மூன்று எல்இடிக்கு ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) கட்டாயமா என்றால் இல்லை, நல்ல 10 ஆம்பியர் சுவிட்சே தாங்கும். ஆனாலும் நான் ரிலே போடுவேன், நாளைக்கு இன்னும் இரண்டு லைட் சேர்க்கத் தோன்றும், கட்டாயம் தோன்றும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதுதான் கடைசி. நாலு கால் ரிலேயில் 30 என்ற காலுக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 1.5 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர் வரட்டும், அதில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ், சிவப்பு நிறத்தில் வருமே அது. பியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற இல்லை, ஒயரை. லைட் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் நடுவழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது பியூஸ் எரியவே எரியாது, கீழே காய்ந்த மட்டையும் மேலே டீசலும் இருக்கிற இடம் இது. 87 லைட்டுகளுக்கு. 85 எர்த்துக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரிலிருந்து சின்ன சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். அப்படிச் செய்தால் லைட்டை அணைக்க மறந்து வீட்டுக்குப் போனாலும் காலையில் ஸ்டார்ட் ஆகும்.

எர்த் விஷயத்தில் சோம்பேறித்தனம் வேண்டாம். லைட் மினுக்குகிறது, ஒன்று எரிகிறது ஒன்று எரியவில்லை என்று வருகிற புகாரில் பாதி எர்த்தில்தான் முடியும். பெயிண்டின் மேல் போல்ட்டை முறுக்கினால் எர்த் கிடைக்காது, பளபளவென்று இரும்பு தெரிகிற வரை சுரண்டி, ஒயர் நுனியில் மாட்டுகிற லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பின் லைட்டுகளுக்கு நான் தனி எர்த் ஒயரையே பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோய்விட்டேன். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், லக் வைத்து கிரிம்ப் பண்ணி (அழுத்தி நசுக்கி) ஸ்லீவ் போடுங்கள்.

ஒயரை சைலன்சர் பக்கமும் ரோட்டவேட்டரைச் சுற்ற வைக்கிற பிடிஓ ஷாஃப்ட் பக்கமும் விடவே கூடாது. கட்டி முடித்ததும் ஹைட்ராலிக் லிவரை முழுசாகத் தூக்கி இறக்கி, லிஃப்ட் கையில் ஒயர் எங்கேயாவது மாட்டுகிறதா என்று பாருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் லைட்டைப் போட்டு, லைட் முனையில் வோல்ட் பாருங்கள், பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. லைட் போட்டதும் எஃப்எம் ரேடியோ இரைந்தால் பயப்பட வேண்டாம், மலிவான எல்இடி டிரைவர் செய்கிற வேலை அது, எனக்கு இளையராஜா பாட்டு போனதுதான் நஷ்டம்.

தோப்பை விட்டு ரோட்டில் ஏறும்போது வேலை லைட்டுகளை அணைத்துவிடுங்கள், முக்கியமாகப் பின்னால் இருப்பதை, வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து வண்டி எதிரே வருகிறது என்று பின்னால் வருபவன் குழம்பிப்போவான்.

பேட்டரியே இல்லாத பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யக்கூடாது. அதில் லைட்டுக்கு வருவது ஏசி கரண்டாக (மாறுமின்சாரம்) இருக்கலாம், மீட்டரை ஏசியில் வைத்துப் பார்த்து, ஏசி என்றால் அதை டிசியாக மாற்றி வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் போட்ட பிறகுதான் எல்இடியைத் தொட வேண்டும். மற்றவர்கள் பத்து மணி நேரம் ஓட்டியதும் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.