வேர்டில் பல அட்டவணைகளை ஒன்றாக்கும் முறை

தைப்பூசம் நெருங்கும்போது பினாங்கில் தண்ணீர்ப் பந்தல் குழுச் செயலாளர்களின் கைக்கு நன்கொடைப் பட்டியல்கள் வந்து சேரும். பட்டர்வொர்த்திலிருந்து ஒன்று, ஆயர் ஈத்தாமிலிருந்து ஒன்று, ஜார்ஜ்டவுனிலிருந்து ஒன்று. எல்லாமே வேர்ட் கோப்புகள்தாம். ஆனால் நெடுவரிசைகளின் அகலமும் அடுக்கும் ஆளுக்கு ஒரு விதம். அவற்றை ஒட்டுவது நொடி வேலை. ஒட்டுமுன் சீர்செய்வதில்தான் உழைப்பு வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் பிறகு ஒவ்வொரு கோடாக இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

முதலில் எல்லா அட்டவணைகளிலும் நெடுவரிசைகள் ஒரே எண்ணிக்கையில், ஒரே அடுக்கில் இருக்கட்டும். இடம் மாறிய நெடுவரிசையை அதன் தலையில் சொடுக்கித் தேர்ந்து, கண்ட்ரோல்+எக்ஸ் கொடுத்து வெட்டுங்கள். அது எதற்கு இடப்பக்கம் வரவேண்டுமோ அந்த நெடுவரிசையின் முதல் கட்டத்தில் கண்ட்ரோல்+வி கொடுங்கள்.

அடுத்தது அகலம். அட்டவணைக்குள் சுட்டியை வைத்தால் தோன்றும் லேஅவுட் தாவலில் ஆட்டோஃபிட் பட்டியலைத் திறந்து 'ஃபிக்ஸட் காலம் விட்த்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 'த/பெ', 'க/பெ' சேர்ந்த நீளமான பெயர் ஒன்று வந்தாலும் கட்டம் தானே விரிந்து மற்றவற்றை நெருக்கும். ஏ4 தாளில் இருபக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் ஏறத்தாழ 15.9 செ.மீ. மிஞ்சும். எண்ணுக்கு 1.2, பெயருக்கு 7, வட்டாரத்துக்கு 3.2, ரசீது எண்ணுக்கு 2.3, தொகைக்கு 2.2 செ.மீ. என்று பிரித்தால் கச்சிதமாக அமையும். டேபிள் பிராப்பர்ட்டீஸில் காலம் பகுதிக்குப் போய் இதே அளவுகளை எல்லா அட்டவணைகளுக்கும் கொடுங்கள்.

இனி ஒட்டலாம். வேறு கோப்பிலிருந்து படியெடுத்த அட்டவணையை முதல் அட்டவணைக்குக் கீழே உள்ள வெற்று வரியில் ஒட்டுங்கள். சுட்டி ஒரு கட்டத்துக்குள் இருக்கும்போது ஒட்டினால் அட்டவணைக்குள் அட்டவணையாகப் புகுந்துவிடக்கூடும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தினால் பத்திக் குறிகள் தெரியும். இரண்டு அட்டவணைகளுக்கும் நடுவில் உள்ள குறிகள் அனைத்தையும் டெலீட் செய்தால் இரண்டும் சேர்ந்துவிடும்.

சேரவில்லையா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: யாரோ அட்டவணையின் மூலையைப் பிடித்து இழுத்திருப்பார்கள், அதனால் டெக்ஸ்ட் ராப்பிங் 'அரவுண்ட்' என்று மாறியிருக்கும். டேபிள் பிராப்பர்ட்டீஸில் இரண்டு அட்டவணைகளுக்கும் 'நன்' என்று வைத்து மறுபடி முயலுங்கள். கீழ் அட்டவணை முழுவதையும் தேர்ந்து, ஆல்ட்+ஷிஃப்ட்டுடன் மேல் அம்புக்குறியை அழுத்தியும் மேலேற்றிச் சேர்க்கலாம். இதே விசைகள் தனி வரியை மேலும் கீழும் நகர்த்தவும் உதவும். தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால், பிரிக்க வேண்டிய வரியில் சுட்டியை வைத்துக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என்டர் கொடுங்கள்.

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் நடுவரியை நீக்கினாலும் அட்டவணைகள் தனித்தனியாகவே நிற்கும். டேபிள் பட்டியலில் உள்ள 'மெர்ஜ் டேபிள்' கட்டளைதான் அவற்றைச் சேர்க்கும்.

சேர்ந்த பிறகு நடுவில் சிக்கிய பழைய தலைப்பு வரிகளை நீக்குங்கள். முதல் வரியில் சுட்டியை வைத்து 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுத்தால் அடுத்தடுத்த பக்கங்களிலும் தலைப்பு வரும். அதற்கும் டெக்ஸ்ட் ராப்பிங் 'நன்' என்றே இருக்க வேண்டும். கையால் தட்டிய வரிசை எண்களை அழித்துவிட்டு, அந்த நெடுவரிசை முழுவதற்கும் நம்பரிங் கொடுப்பது நல்லது. பிறகு வரிகளை இடம் மாற்றினாலும் எண்கள் தாமாகவே திருந்தும்.

பணக் கணக்கில்தான் மிகுந்த கவனம் வேண்டும். முதல் பட்டியலின் மொத்தம் 3,450 ரிங்கிட், இரண்டாவதன் மொத்தம் 2,100 ரிங்கிட் என்று கொள்வோம். முதல் பட்டியலின் மொத்த வரியை நீக்காமல் கடைசியில், மேலுள்ள எண்களைக் கூட்டும் =SUM(ABOVE) சூத்திரம் போட்டால் அந்த 3,450 இரண்டு முறை எண்ணப்படும். 5,550 வரவேண்டிய இடத்தில் 9,000 நிற்கும். ஆகவே இடைமொத்தங்கள் எதுவும் மிஞ்சக்கூடாது. வெற்றுக் கட்டங்களில் 0 தட்டுங்கள். வெறுமையாக விட்டால் கூட்டல் பிழைபடலாம். தலைப்பில் '2025' போன்ற ஆண்டு இருந்தாலும் அதுவும் தொகையோடு சேரக்கூடும். தொகையைத் திருத்தினால் மொத்தம் தானாக மாறாது. அதைத் தேர்ந்து எஃப்9 அழுத்த வேண்டும். பொருளாளரிடம் கொடுக்குமுன் கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துகளின் கொம்பும் சுழியும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் வரியின் உயரம் 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கிறதா பாருங்கள். அதை 'அட் லீஸ்ட்' என்று மாற்றினால் சரியாகிவிடும். மேக் கணினியில் இணைமதி எழுத்துருவில் தட்டிய கோப்பை விண்டோஸில் திறக்கும்போது, அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து நின்று இப்படி ஆகும். முழுப் பட்டியலுக்கும் ஒரே எழுத்துருவைக் கொடுங்கள்.

வட்டாரப் பெயருக்காகக் கட்டங்களை இணைக்க நினைத்தால், அகர வரிசைப்படுத்துவதையும் கூட்டலையும் முடித்துவிட்டுக் கடைசியில் செய்யுங்கள். இணைத்த கட்டங்கள் உள்ள அட்டவணையை வரிசைப்படுத்துவது பெரும் தொல்லை.