பேண்டு செட்டில் கிளாரினெட்டோடு சேரப் போகிறவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து பேண்டு செட்டில் வாசிக்கக் கூப்பிட்டால், சம்பளத்துக்கு முன்னால் எத்தனை டிரம்பெட் என்று கேளுங்கள். இரண்டு என்றால் சரி. நாலு என்றால் உங்கள் சத்தம் பாதி நேரம் யாருக்கும் கேட்காது. அதற்காக வருத்தப்பட வேண்டாம், உங்கள் முறை பிறகு வரும்.

நோட்டுக்குப் பயப்படாதீர்கள். வழக்கமான கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஒரே பி ஃப்ளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. டிரம்பெட்காரரின் நோட்டை வாங்கி அப்படியே வாசிக்கலாம். ஆல்டோ சாக்ஸ் கொண்டு வருகிறவருக்குத்தான் கூடுதல் வேலை: அது ஈ ஃப்ளாட், டிரம்பெட் நோட்டில் 'சி' இருந்தால் அவர் 'ஜி' பிடிக்க வேண்டும். நாதஸ்வர மேளத்திலிருந்து வருகிறவர்கள் கமகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஸ்வரத்தை அசைக்கும்போது டிரம்பெட் நேராக நின்றால், கேட்கிறவருக்கு இரண்டும் அபஸ்வரம்தான். கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்த ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பைக் கேட்டுப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கஷ்டம், தெரியும்.

இருப்பதிலேயே பெரிய தொல்லை சுருதி. ஓங்கி ஊதினால் கிளாரினெட் இறங்கும், பித்தளை ஏறப் பார்க்கும். வெயிலோ எல்லா வாத்தியத்தையும் ஏற்றிவிடும், பித்தளையை இன்னும் கூடுதலாக. அதனால் வேனுக்குள் சுருதி சேர்த்துப் பயனில்லை. இறங்கி, வெளியே நின்று, நாலு வரி வாசித்து வாத்தியம் சூடான பிறகு சேருங்கள். கிளாரினெட்டில் மௌத்பீஸுக்குக் கீழே இருக்கும் 'பேரல்' துண்டை முழுக்க அமுக்கியும் சுருதி எட்டவில்லை என்றால், ஸ்லைடைக் கொஞ்சம் இழுக்கச் சொல்லி டிரம்பெட்காரரிடம் கேளுங்கள். "அண்ணே, ஒரு நூல் இழுத்துக்கங்க" என்றால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். சத்தத்தில் அவர்களோடு போட்டி போட்டால் சுருதியும் போகும், மௌத்பீஸில் கட்டும் நாணல் ரீடும் போகும். இரண்டரை நம்பர் ரீட் போடுங்கள். அதைவிட மெல்லியது ஓங்கி ஊதும்போது தொய்ந்துவிடும்.

நிற்கிற இடம் முக்கியம். டிரம்பெட்டின் வாய் உங்கள் பிடரிக்கு நேராக வராதபடி வரிசையின் ஓரத்தில் நில்லுங்கள். காதில் பஞ்சு வையுங்கள். நடக்கும்போது ஒரு குழி போதும், மௌத்பீஸ் பல்லில் இடிக்க. தாடையை இறுக்காமல் பிடியுங்கள்.

உங்கள் முறை என்றேனே, அது தேர்ப்பவனியில் வரும். ஜூலை கடைசியில் வேர்க்காட்டு சந்தியாகப்பர் திருவிழா மாதிரி இடத்தில் சப்பரம் தெருத்தெருவாக நின்று நின்று போகும். நேரம் ஆக ஆக டிரம்பெட்காரர்களுக்கு உதடு மரத்துவிடும், மேல் ஸ்தாயி எட்டாது. பேண்டு மாஸ்டர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது மெட்டை எடுத்துப் போவது நீங்கள்தான்; கூட யூபோனியமும் சைடு டிரம்மும் இருந்தால் போதும். ஆகவே வழக்கமாக வரும் மாதா பாட்டு, அந்தோணியார் பாட்டெல்லாம் மனப்பாடமாக இருக்கட்டும். கச்சான் காற்றில் பேப்பர் நிற்காது.

உப்புக்காற்றுக்கு ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, ரீடைக் கழற்றி வையுங்கள். மர வாத்தியம் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு எபோனைட்டோ பிளாஸ்டிக்கோ எடுத்து வாருங்கள். வெயிலில் மரம் வெடித்தால் அந்த சீசன் சம்பாத்தியம் ரிப்பேருக்கே போய்விடும்.