கிரேக்கக் கோட்டோவியம்: கோட்டைக் குறைத்தால் மட்டும் போதாது

நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக இறங்கும் பக்கவாட்டு முகம், தலையில் ஓர் இலை வளையம், மற்றபடி வெற்றுத்தாள். கறுப்பு மையில் இப்படி ஒன்றை வரைந்து 'நவீன கிரேக்க பாணி' என்று போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஆசைப்படுவதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் சில தவறுகளை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் கை சீக்கிரம் தேறும்.

பெரிய தவறு, புகைப்படத்தை டிரேஸ் செய்துவிட்டு வேண்டாத கோடுகளை அழிப்பது. மிஞ்சுகிற கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக, கம்பியை வளைத்து வைத்த மாதிரி இருக்கும். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ஒரே ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குக் கீழே மெல்லியதாகத் தொடங்கி, கழுத்து தோளில் சேரும் மடிப்பில் நிப்பை அழுத்தி, தோள் எலும்பு வந்ததும் லேசாக்கி எடுத்தால், உள்ளே ஒரு நிழல்கூடப் போடாமலே உடம்பின் கனம் தெரியும். நிப்பைத் தன் பக்கம் இழுக்கும்போதுதான் அழுத்தத்துக்கு அது விரியும். எதிர்ப்பக்கம் தள்ளினால் தாளில் குத்தி மையைத் தெறிக்கும். அதனால் கையை முறுக்காமல் தாளைத் திருப்புங்கள்.

அடுத்தது, பழைய கிரேக்கர்கள் வெறும் கோட்டை மட்டும் வரைந்தார்கள் என்று நம்புவது. இந்தப் பாணியின் மூதாதை என்று பலரும் காட்டுவது கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் வெள்ளை லெகிதோஸ், அதாவது இறந்தவர்களுக்காகக் கல்லறையில் வைத்த எண்ணெய்க் குப்பி. அதில் வரைந்த உருவங்களின் ஆடைகளுக்கு நிறம் பூசியிருந்தார்கள். சூளையில் சுட்டபிறகு பூசிய நிறங்கள் என்பதால் பல குப்பிகளில் அவை உதிர்ந்துபோய், கோடு மட்டும் நின்றது. நாம் பார்த்து மயங்கும் வெறுமையில் பாதி காலம் செய்த வேலை. இது தெரிந்தால், எதை விடுவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும் என்பது புரியும்.

எல்லாவற்றையும் பாரிஸ் ஓவியர்களான மத்தீஸ், பிக்காசோ கணக்கில் எழுதிவிடுவதும் சரியில்லை. பாரிஸின் தாக்கம் உண்டுதான். ஆனால் கிரேக்க ஓவியர் அலெகோஸ் ஃபாசியானோஸின் (1935–2022) காற்றில் முடி பறக்கும் பக்கவாட்டு மனிதர்களுக்குப் பின்னால் பழைய மண்பாண்ட ஓவியமும் கராகியோசிஸ் என்ற நிழற்பாவைக் கூத்தும் இருக்கின்றன. இன்னொரு கிரேக்க ஓவியர் யானிஸ் மொராலிஸ் (1916–2009) பண்டைய நடுகற்களிடம் பாடம் கேட்டவர். முன்பு ஏதென்ஸ் ஹில்டன் ஹோட்டலாக இருந்த கட்டடத்தின் சுவரில் அவருடைய கோடுகள் பளிங்கில் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லில் வெட்டும் கோட்டுக்குத் தயங்க இடமில்லை. அதைப் பார்த்துவிட்டு மையில் வரைய உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

மை விஷயம் சுருக்கமாக. நாம் இந்தியன் இங்க் என்பதை கிரேக்கர்கள் 'சீன மை' என்கிறார்கள். அதைச் சாதாரண ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். நான் ஒரு நல்ல பேனாவை அப்படித்தான் இழந்தேன். தொட்டு எழுதும் நிப் போதும். ஜெராக்ஸ் தாளில் மை ஊறி ஓரம் பிசிறடிக்கும், வழவழப்பான கெட்டித்தாள் வாங்குங்கள்.

கடைசியாக, வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்து ஓரத்தில் தூண், ஆலிவ் கிளை, சதுரச் சுழல் பார்டர் என்று நிரப்புவது. 1967 இராணுவ ஆட்சியில் கைதாகி யாரோஸ், லெரோஸ் தீவுகளில் அடைபட்டிருந்த கவிஞர் யானிஸ் ரிட்சோஸ் கூழாங்கற்களில் கறுப்பு மையால் வரைந்தவர். கல்லில் ஏற்கெனவே ஒரு வளைவு இருக்கும், ஒரு புடைப்பு இருக்கும். முகம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், அலங்காரத்துக்கு இடமே இருக்காது. ஒரு கல்லைக் கழுவிக் காயவைத்து நீங்களும் வரைந்து பாருங்கள். வரையும் முன் அதைக் கையில் வைத்து ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பாருங்கள், மூக்கு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று தெரிகிறவரை.