சோறு சக்தியாகும் வழியில் மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

உயிரியல் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் ஒரு வரி வந்து நிற்கும்: "மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உருவாக்குகிறது." மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு நுண்ணுறுப்பு. தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். ஆற்றலை எந்த உயிரும் உருவாக்குவதில்லை. நெற்பயிரின் இலை வெயிலில் பிடித்து வைத்ததுதான் அரிசியில் மாவுச்சத்தாக இருக்கிறது. நம் செல்கள் அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன.

"குளுக்கோஸ் எரிந்து தசையை இயக்குகிறது" என்பதும் பாதிதான் சரி. சர்க்கரையை நெருப்பில் போட்டால் எல்லாம் ஒரே மூச்சில் வெப்பமாகப் போய்விடும். செல்லில் அப்படி இல்லை, படிப்படியாகத்தான் நடக்கும். முதலில் செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸ், பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடையும்போது நிகரமாக 2 ஏடிபி (செல் ஆற்றலைச் செலவழிக்கப் பயன்படுத்தும் மூலக்கூறு) கிடைக்கும். பிறகு மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜன் துணையோடு, மீதி வரும். மொத்தம் ஏறக்குறைய 30 முதல் 32. பழைய நூல்களில் 36, 38 என்று பார்த்திருப்பீர்கள். ஏடிபி ஒவ்வொன்றையும் ஆக்க ஆகும் செலவைத் துல்லியமாகக் கழித்த பிறகு எண் இறங்கிவிட்டது. தசை நேரடியாகச் செலவழிப்பது இந்த ஏடிபியைத்தான். அதில் அடங்காத ஆற்றல் வெப்பமாகிறது. உடம்பு கதகதப்பாக இருப்பது அதனால்தான்.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றிய தவறு, "செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்பது. ஊறவைத்த பச்சைப்பயறை ஈரத்துணியில் இறுக்கமாகக் கட்டி ஒரு நாள் வையுங்கள். முளைவிடும் நேரத்தில் மூட்டைக்குள் விரலை நுழைத்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். பச்சை இலை இல்லை, வெளிச்சம் இல்லை. பருப்புக்குள் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகி, முளை அதை ஆக்சிஜன் துணையோடு உடைத்து வளர்கிறது. செல்லின் சுவாசம் என்பது இதுதான். பகலோ இரவோ, செடியின் ஒவ்வொரு உயிர்ச்செல்லும் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறது, வேரும் சேர்த்து. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் செடி வாடுவதற்கு வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காததே முக்கியக் காரணம்.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் எந்த உயிருக்கும் ஆற்றலே கிடையாது என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். இட்லி மாவைப் பாருங்கள். லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை நம்பாமல் சர்க்கரையை உடைக்கின்றன. குளுக்கோஸ் ஒன்றுக்கு ஒன்றிரண்டு ஏடிபிதான் மிஞ்சும். அவற்றுக்கு அது போதும். வெளிவரும் கார்பன் டைஆக்சைடு மாவைப் பொங்கவைக்கிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது.

உடம்பு குளுக்கோஸைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் பற்றி எழுதும்போது கல்லீரலையும் தசையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். கல்லீரல் தன் சேமிப்பைக் குளுக்கோஸாக இரத்தத்துக்கு விடும். தசையால் அது முடியாது, அதற்குரிய நொதி அங்கே இல்லை. தன் சேமிப்பைத் தானேதான் செலவழிக்கும்.

கடைசியாக, கார்போஹைட்ரேட் என்றாலே நமக்குச் சக்தி என்பது. அரிசியிலுள்ள மாவுச்சத்தும் வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகளே. கோத்த விதம் மட்டும் வேறு. செல்லுலோஸின் பிணைப்பை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டிடமும் இல்லை! அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்கவைத்துத் தரும் கொழுப்பு அமிலங்களில்தான் மாடு பெரும்பாலும் பிழைக்கிறது.